மடக்குக் குறட்டின் உடைந்த முனை

போன மாதம் கேஸ் ஏஜென்சியில் எனக்குப் பிரிவுபசார விழா நடத்தினார்கள். ஒரு மாலை, ஒரு சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம். இத்தனை வருஷம் நேரத்துக்கு ஓடியவனுக்கு ஓய்வு பெறுகிற அன்று ஏன் கடிகாரம் கொடுக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. முதலாளி மைக்கைப் பிடித்து, "பனவடலிசத்திரத்தில் ஓர் உயிரைக் காப்பாற்றிய கருவி இந்த மாடசாமி அண்ணாச்சி இடுப்பில்தான் இருக்கிறது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். புதிதாகச் சேர்ந்த மெக்கானிக்குகள் அதை வாங்கிக் கைமாற்றிப் பார்த்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். ஆனால் பாதியைத்தான் பேசினேன். மீதிப் பாதியை அங்கே சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சங்கரன்கோவிலில் கேஸ் மெக்கானிக்காக இருந்தவன். சிலிண்டர் போடுகிறவன் வேறு, மெக்கானிக் வேறு. அடுப்பு எரியவில்லை, ரெகுலேட்டர் மாட்டவில்லை, வாசம் வருகிறது என்றால் வருகிறவன் மெக்கானிக். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இரண்டு வருஷம் சைக்கிள் மிதித்து ஊர் ஊராய்ப் போய் அடுப்பு பர்னரில் சோறு பொங்கி அடைத்ததை ஊசியால் குத்தி எடுத்தேன். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. நான் தொழில் கற்றது தேவசகாயம் சாரிடம்.

தேவசகாயம் சார் எங்கள் சர்வீஸ் சூப்பர்வைசர். மெலிந்த ஆள். வெள்ளைச் சட்டை, முழங்கை வரை மடித்த கை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கேஸ் கசிகிற வீட்டுக்குப் போனால் வாசலுக்கு இருபது அடி முன்னாலேயே வண்டியை நிறுத்திவிடுவார். சாவியைக்கூட மெதுவாகத்தான் எடுப்பார். பிறகு வண்டியில் தொங்கும் ஒரு பழைய பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து நீட்டுவார். செல்போன், கைக்கடிகாரம், சாவிக்கொத்து, பெல்ட்டு, எல்லாம் அதற்குள் போக வேண்டும். நாங்கள் அதைக் காணிக்கைப் பெட்டி என்று கேலி செய்வோம். அவர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், காணிக்கை எடுக்கிற பொறுப்பும் அவருக்கு உண்டு. கேலியைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ள மாட்டார்.

"சுவிட்சைப் போடாதியன்னு சொன்னா ஜனங்க போட மாட்டாக வே," என்பார். "ஆனா அணைச்சிருவாக. போட்டாலும் பொறி, அணைச்சாலும் பொறி. அது ஆருக்கும் தோணாது."

காலிங் பெல்லை அழுத்தக் கூடாது. கதவைத் தட்டக் கூடாது, குரல் கொடுக்க வேண்டும். உள்ளே போனால் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ரெகுலேட்டரை மூடி, ஈரச் சாக்கால் தரையோடு தரையாக விசிறி வாசல் பக்கம் தள்ள வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனம், தரையில்தான் கிடக்கும். ஸ்பேனர் பித்தளையில்தான் இருக்க வேண்டும். இரும்போடு இரும்பு மோதக் கூடாது. இதையெல்லாம் அவர் வாயால் சொன்னதைவிடச் செய்துகாட்டியதுதான் அதிகம்.

இனி அந்தக் கருவி. கடையநல்லூரில் பீர் முகம்மது என்று ஒரு பாய். கப்பலில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்தவர். அவர் வீட்டு அடுப்பைச் சரிபார்க்கச் சொந்தக்காரர் ஒருவர் மூலம் கூப்பிட்டிருந்தார். வேலை முடிந்து கை கழுவும்போது அலமாரியில் அதைப் பார்த்தேன். தோல் உறைக்குள் மடங்கிக் கிடந்தது. விரித்தால் குறடு. கைப்பிடிக்குள் இரண்டு கத்தி, ஒரு அரம், ஒரு சிறு கத்தரி, டப்பா திறக்கிற கொக்கி, பட்டை முனை ஸ்குரூடிரைவர், நட்சத்திர முனை ஒன்று. புதிதாக அப்போதே கடைகளில் கிடைத்தது. ஆனால் புதியதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். பளபளப்பாக இருக்கும், விரிக்கும்போது கரகரக்கும். இது சத்தமே இல்லாமல் விரிந்தது. ஒருவர் கையில் பல வருஷம் பழகிய இரும்புக்கு ஒரு வழுவழுப்பு வந்துவிடுகிறது. குறட்டின் இரண்டு தாடைகளையும் மூடி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நடுவில் துளி வெளிச்சம் தெரியவில்லை. ஆசை வந்துவிட்டது.

"பாய், இதக் குடுப்பியளா?" என்றேன்.

அவர் அதை வாங்கி ஒருமுறை மடக்கி விரித்தார். "கப்பல்ல இருந்த காலம் பூரா என் இடுப்புல கெடந்தது. இங்கன சும்மாதான் கெடக்கு. வேலை செய்யுத கையில இருந்தா நல்லதுதான்." பிறகு ஸ்குரூடிரைவரை விரித்து என் பக்கம் திருப்பினார். "மறைச்சு விக்கக் கூடாது. இந்தப் பட்டை முனை பாருங்க, ஒரு ஓரம் உடைஞ்சிருக்கு. அரத்தை வச்சு ராவிருங்க, சரியாப் போயிரும். ரெண்டு நிமிச வேலை."

"ராவிக்கிடுதேன் பாய்."

சொன்னேன். செய்யவில்லை. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த இரண்டு நிமிஷ வேலையைப் பற்றித்தான்.

அன்றிலிருந்து அது என் இடுப்பை விட்டு இறங்கவில்லை. சிலிண்டர் வாய்க்குள் இருக்கும் ரப்பர் வாஷரை அதன் கொக்கியால் நோண்டி எடுப்பேன். டியூபை வெட்டுவேன். பஸ்ஸில் யாருடைய மூக்குக்கண்ணாடி கழன்றாலும் என்னைத்தான் தேடுவார்கள். கல்யாண வீட்டில் பந்தல்காரன், "மடக்குக் குறட்டு அண்ணாச்சி வந்தாச்சா?" என்று கேட்பான். மாங்காய் வெட்டியிருக்கிறேன், செருப்பு தைத்திருக்கிறேன், மேலநீலிதநல்லூர் பஸ்ஸில் ஒரு குழந்தையின் கொலுசு சீட்டுக் கம்பியில் மாட்டிக்கொண்டபோது நெளித்து எடுத்திருக்கிறேன். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று என் மனைவி முத்துலட்சுமி சொல்வாள். சரியாகத்தான் சொன்னாள்.

பட்டை முனையில் அந்த உடைந்த ஓரம் அப்படியே இருந்தது. யாராவது கேட்டால், "பழசுன்னா அப்படித்தான் இருக்கும், அதான் அதுக்கு அழகு" என்பேன். பெரும்பாலான திருகாணிகளில் அது பிடித்தது. பிடிக்காதவற்றுக்குப் பையில் வேறு ஸ்குரூடிரைவர் இருந்தது. அரம் அதே கருவிக்குள்ளேயே மடங்கிக் கிடந்தும், அந்தக் கருவியின் முனையை அதனாலேயே ராவ முடியாது, இன்னோர் அரம் வேண்டும். அது ஏஜென்சி அலமாரியில் இருந்தது. நாளைக்கு எடுக்கலாம் என்று நினைப்பேன்.

ஒரு தடவை மேலநீலிதநல்லூரில் கசிவு. போனையும் கடிகாரத்தையும் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போய் சிலிண்டர் பக்கம் குந்தினேன். இடுப்பில் உறை. அது அங்கே இருக்கிறது என்கிற நினைப்பே எனக்கு இல்லை. அவ்வளவு பழகியிருந்தது. சார் வாசலில் நின்று பார்த்துவிட்டார்.

"மாடசாமி, வெளிய வாரும்."

வந்தேன். திட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக் கொடுத்தார்.

"உம்ம வீட்டுக்காரி பேரென்ன?"

"முத்துலட்சுமி சார்."

"நாளைக்கு நான் அந்தப் பிள்ளை முன்னால போய் நிக்க வேண்டி வந்தா என்ன சொல்லணும்னு நீரே எழுதிக் குடுத்துரும். எனக்கு வார்த்தை வராது."

அவர் உள்ளே போய் வேலையை முடித்துவிட்டு வரும்வரை தாளை வைத்துக்கொண்டு வண்டிப் பக்கம் நின்றேன். ஒரு எழுத்துகூட எழுதவில்லை. திரும்பி வந்து வெறுந்தாளை வாங்கி நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு ஒரு கசிவு வீட்டுக்குள்ளும் அந்தக் கருவியோடு நான் போனதில்லை. பெட்டியில் முதலில் விழுவது அதுதான்.

பனவடலிசத்திரம் போனது ஒரு முற்பகல் நேரம். பக்கத்து வீட்டுப் பெண் போன் செய்திருந்தாள். சாரும் நானும் அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தோம், பத்து நிமிஷத்தில் போய்விட்டோம். ஒரு அறையும் அடுப்படியும் உள்ள தொகுப்பு வீடு. தெருமுனையிலேயே வாசம் அடித்தது. கதவில் வெளியே பூட்டு.

உள்ளே ஆள் இருந்தார். முருகையா என்று பெயர். ஒரு பக்கம் வாதம் வந்து கட்டிலோடு கிடந்தவர், பேச்சும் குழறும். மனைவி காட்டு வேலைக்குப் போகும்போது, ஆடும் நாயும் உள்ளே புகுந்துவிடக் கூடாதே என்று வெளியே பூட்டிவிட்டுப் போவது வழக்கம். சாவி அவள் மடியில். ஒருத்தர் அவளைத் தேடி பைக்கில் போயிருந்தார். எந்தப் புஞ்சையில் நிற்கிறாள் என்பது யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

கட்டில் ஜன்னலை ஒட்டி இருந்ததால் அவருக்குக் கொஞ்சம் நல்ல காற்று கிடைத்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். தலையணைப் பக்கம் பீடிக்கட்டும் தீப்பெட்டியும் இருந்தன. சாரைக் கையாட்டிக் கூப்பிட்டேன்.

சார் ஜன்னலுக்கு வந்தார். குரல் கொஞ்சமும் பதறவில்லை. "அண்ணாச்சி, நாங்க கேஸ்காரங்க. வாசம் வருதுல்லா? அந்தத் தீப்பெட்டியை இங்கன என் கையில குடுத்துருங்க. வெளிய வந்து ஆசை தீரக் குடிக்கலாம்."

முருகையா அவரையே பார்த்தார். பிறகு நல்ல கையால் தீப்பெட்டியை எடுத்து, கம்பிக்கு இடையில் நீட்டினார். சார் வாங்கிக்கொண்டு, "நல்லது அண்ணாச்சி" என்றார்.

மீட்டர் பெட்டி உள்ளே. அடுப்படிக்குப் பக்கத்தில் ஒரு பிரிட்ஜ், மகள் வாங்கிக் கொடுத்தது. அதுதான் சாருக்குக் கவலை. பிரிட்ஜ் தானாக ஓடும், தானாக நிற்கும். ஓடத் தொடங்குகிற அந்த நொடியில் உள்ளே ஒரு சின்னப் பொறி விழும். அது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. கரண்டை நிறுத்தச் சொல்லி, அடுத்த தெருவுக்குப் போய் நின்று லைன்மேனுக்குப் போன் போட்டார்கள். அவர் வேறு ஊரில் கம்பத்தில் ஏறியிருந்தார், இறங்கி வருவதாகச் சொன்னார். ஒருவர் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பூட்டை ஒரு போடு போட்டா தெறிச்சிரும் சார்."

"தெறிக்கும் அண்ணாச்சி. நாமளும் தெறிச்சிருவோம். அதைக் கீழ போடாம மெதுவா வைங்க," என்றார் சார்.

பூட்டு மாட்டியிருந்த நாதாங்கி, மரநிலையில் நாலு திருகாணியால் பொருத்தப்பட்டிருந்தது. நாலையும் கழற்றினால் பூட்டோடு நாதாங்கி வந்துவிடும். சார் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் கருவிப் பை என்னுடையதுதான், அன்று அதில் ஸ்குரூடிரைவர் இல்லை. முந்தின நாள் ஒரு வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தேன். அதற்குத்தான் இடுப்பில் ஒன்று இருக்கிறதே என்கிற மெத்தனம். சார் வண்டிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, எந்தக் கருவிக்காக என்னை வெறுந்தாளோடு நிற்க வைத்தாரோ அதே கருவியைத் தன் கையால் எடுத்து வந்தார். வாளித் தண்ணீரில் முக்கினார். நாதாங்கி மேலும் கதவின் அடியிலும் தண்ணீரை ஊற்றி, அடி இடைவெளியில் ஈரச் சாக்கைத் திணித்தார்.

"இடிக்காம, வழுக்காம, திருக மட்டும் செய்யும். ஈரம் காயாமப் பாத்துக்கிடுதேன்."

முதல் திருகாணி வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது கொஞ்சம் முரண்டு பிடித்து வந்தது. நாலாவது துருப்பிடித்தது, தலையில் பள்ளம் தேய்ந்திருந்தது. முனையை வைத்துத் திருகினேன். உடைந்த ஓரம் வழுக்கியது. மறுபடி வைத்தேன், மறுபடி வழுக்கியது. முழு முனை இருந்திருந்தால் பிடித்திருக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, இத்தனை வருஷம் திருகாணியோடு வாழ்ந்தவன் நான். வழுக்க வழுக்கப் பள்ளம் இன்னும் தேய்ந்தது. உள்ளிருந்து முருகையா இருமுகிற சத்தம் கேட்டது. நாலு நிமிஷமோ ஐந்து நிமிஷமோ, எனக்கு ஒரு பகல் முழுதும் அங்கே நின்றதாகத்தான் இருக்கிறது.

"இங்கன குடும்," என்றார் சார். முனையைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு ரப்பர் வாஷரை எடுத்துத் திருகாணித் தலையில் வைத்து, அதன்மேல் முனையை வைத்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு மெதுவாகத் திருப்பினார். ரப்பர் பள்ளத்துக்குள் பிதுங்கிப் பிடித்தது. திருகாணி அசைந்தது.

நாதாங்கி கையோடு வந்தது. கதவைத் திறந்தோம்.

"நீரு ஆளைத் தூக்கும். நான் சிலிண்டரைப் பாக்கேன்."

கடப்பாரை கொண்டுவந்தவரும் நானும் முருகையாவைப் போர்வையோடு தூக்கினோம். சார் குனிந்து அடுப்படிக்குள் போனார். நாங்கள் வாசற்படி தாண்டி, முற்றம் தாண்டி, தெருவில் காலை வைத்தபோது பின்னால் சத்தம் கேட்டது. பெரிய வெடிச்சத்தம் இல்லை. மூட்டையை மேலேயிருந்து கீழே போட்டதுபோல ஒரு சத்தம், கூடவே முதுகில் ஒரு வெக்கை.

திரும்பிப் பார்த்தேன். சார் நடந்தே வெளியே வந்தார். சட்டைக் கை இல்லை. இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் முன்னால் நீட்டிக்கொண்டு வந்தார். புருவம் இல்லை. "ரெகுலேட்டரை மூடிட்டேன் வே, இனி எரியாது," என்றார். பிறகுதான் உட்கார்ந்தார்.

முருகையாவின் மனைவி சாவியோடு பைக்கிலிருந்து இறங்கியபோது நாங்கள் சார் கைகளில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். டியூபை எலி கடித்திருந்தது, தீப்பிடித்தது பிரிட்ஜ் ஓடத் தொடங்கிய பொறியில் என்று பிறகு தெரிந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி, "உள்ளே போக ஏன் அவ்வளவு நேரம் ஆனது?" என்று கேட்டார். "பூட்டியிருந்தது சார்," என்றேன். அது பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை. சாரின் வாக்குமூலத்தில், நாதாங்கியைக் கழற்றத் தாமதமாயிற்று என்று மட்டும் இருந்தது. எழுத முடியாததால் அதைச் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதியிருந்தார். எப்படியோ ஊரில் பேச்சு மாறி, மாடசாமியின் மடக்குக் குறடு ஓர் உயிரைக் காப்பாற்றியது என்று ஆகிவிட்டது. நானும் மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிஷம் முன்னால் அவர் உள்ளே போயிருந்தால், பிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது சிலிண்டரோடு வெளியே வந்திருப்பார். அது என் குற்றம்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கைகளோடு படுத்திருந்தவரைப் பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் கேட்டார்.

"அந்த முனையை ராவிட்டேரா?"

"இல்ல சார்."

"ராவிரும்."

"சரி சார்."

அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு. அன்று சாயங்காலமே ராவினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அரத்தை வைத்துவிட்டு ஏஜென்சிப் பின்பக்கம் போய் அழுதேன்.

சாரின் விரல்கள் உள்பக்கம் மடங்கியபடியே நின்றுவிட்டன. அதற்குப் பிறகு அவர் வேலைக்கு வரவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் வீட்டுக்குப் போவேன். அவர் மனைவி எஸ்தர் டீச்சர், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். நான் உட்கார்ந்ததும் சார், "எஸ்தர், காபி போடு" என்று டீச்சரை உள்ளே அனுப்பிவிடுவார். பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார். நான் மழையைப் பற்றிப் பேசுவேன், திருவேங்கடம் பக்கம் புஞ்சையெல்லாம் காய்கிறது என்பேன், ஏஜென்சி விஷயம் பேசுவேன். காபி வரும். குடித்துவிட்டுக் கிளம்புவேன். போன வருஷம் சார் இறந்தார். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டேன். அப்போதும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

இத்தனை வருஷம் அந்தக் கருவியைச் சுமந்ததற்குக் காரணம் பெருமை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தினமும் காலையில் பட்டை முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உறைக்குள் போடுவேன். புதியதாக ஒன்று என் மகள் வாங்கி அனுப்பினாள். நல்ல பொருள். அது பீரோவில் இருக்கிறது.

பிரிவுபசார விழாவின் கைதட்டலோடு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. மறுநாள் ஞாயிறு. டீச்சர் வீட்டுக்குப் போனேன். முத்துலட்சுமியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு சார் என்னை எழுதித் தரச் சொன்னார். இப்போது டீச்சர் முன்னால் நான் நிற்கிறேன், எனக்கு எழுதித் தர யாரும் இல்லை. உறையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, கடையநல்லூர் பாய் சொன்னதிலிருந்து நாலாவது திருகாணி வரை எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரியிடம் மறைத்ததையும் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் மாடசாமி," என்றார்கள். "ஆஸ்பத்திரியில வச்சே அவுக சொல்லிட்டாக. 'அவரே வந்து சொல்லுவாரு, நீயாக் கேட்டுராத'ன்னாக. ஞாயித்துக்கிழமை நீங்க வந்ததும் என்னைய அடுப்படிக்கு அனுப்புவாகல்லா? நான் இருந்தா உங்களுக்குச் சொல்லக் கூச்சமா இருக்கும்னுதான். நானும் உள்ள நின்னு, காபியைப் போட்டு வச்சுட்டு, ஆறுத வரைக்கும் காத்துக் கெடப்பேன். நீங்க போனப் பெறவு, 'சொன்னாரா'ன்னு கேப்பேன். 'அடுத்த வாரம் சொல்லுவாரு'ம்பாக."

சார் உட்காரும் நாற்காலி ஜன்னல் பக்கம் அப்படியே கிடந்தது.

டீச்சர் எழுந்தார்கள். "இருங்க, காபி போடுதேன்," என்றார்கள்.

"வேண்டாம் டீச்சர், இங்கனயே இருங்க," என்றேன்.